உதவி கேளுங்கள், வயலை விற்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு இது. சாயங்காலம் காபி குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

இந்த ஆண்டில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பிள்ளையை அமெரிக்காவில் விடுதியோடு கூடிய உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாமா? உதவித்தொகை தருகிறார்களாமே?" ஒருவர் ஒரு படி மேலே போய், "இருக்கிற ஒன்றரை ஏக்கரைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. தனித்தனியாகப் போனில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அமெரிக்காவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் என் பழைய மாணவர் ஒருவரின் மகளுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க விண்ணப்பத் தாள்களோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியையும் அகராதி வைத்துப் படித்தோம். அதில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பேசுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்கலாம், தவறே இல்லை. பணம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்கலாம், அதில் வெட்கமும் இல்லை. ஆனால் உதவி முழுதாகக் கிடைக்காவிட்டால் போகவே கூடாது.

முதலில் அந்தப் பள்ளிகளைப் பற்றி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் இருக்கும் பிலிப்ஸ் அகாடமி 1778-ல் தொடங்கியது. பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமி 1781-ல் வந்தது. இரண்டையும் தொடங்கியது ஒரே குடும்பம். இரண்டு பள்ளிகளின் முத்திரையிலும் ஒரே லத்தீன் வாசகம்தான். 'தனக்காக அல்ல' என்று பொருள். இவை போலச் சிறிதும் பெரிதுமாக ஏராளமான விடுதிப் பள்ளிகள் அங்கே உண்டு.

ஆசிரியராக எனக்கு ஆசை காட்டிய விஷயம் ஒன்று உண்டு. எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் 1930-ல் எக்ஸிடர் பள்ளிக்குப் பெரிய தொகை கொடுத்தார். அதிலிருந்து அங்கே கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்காரும் வழக்கம் போய்விட்டது. முட்டை வடிவ மேசை ஒன்றைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள் போல உட்கார்ந்து, தாங்களே பேசிப் படிக்கிறார்கள். ஆசிரியரும் அந்த மேசையில் ஒருவர், அவ்வளவுதான். கடைசி பெஞ்சு என்பதே கிடையாது. ஒரே அறையில் இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாடம் நடத்திய எனக்கு அதைப் படித்தபோது பெருமூச்சு வந்தது. ஆகவே அந்தப் படிப்பு வெறும் பகட்டு என்று நான் சொல்லமாட்டேன். நல்ல படிப்புதான். அதன் விலைதான் பேச்சு.

இப்போது கணக்குக்கு வருவோம். பெயர் பெற்ற விடுதிப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் இன்று சுமார் 65,000 டாலரிலிருந்து 80,000 டாலர் வரை இருக்கிறது. நடுவில் 70,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 85 ரூபாய் என்றாலும் ஐம்பத்தொன்பதரை லட்சம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுக்கு இரண்டு கோடியே முப்பத்தெட்டு லட்சம். விமானச் செலவு, மருத்துவக் காப்பீடு, கம்பளிக் கோட்டு, மடிக்கணினி எல்லாம் இதற்கு மேல்.

"எண்பது சதவீதம் உதவி கிடைத்தால்?" என்று ஒரு தம்பி கேட்டான். மீதி இருபது சதவீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் அப்பா! மாதம் ஒரு லட்சம். எண்பது என்ற எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. நம் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் முதலாண்டுக்கு மட்டும் இல்லை, நான்கு ஆண்டுக்கும் பார்க்க வேண்டும். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். ரூபாயின் மதிப்பு இறங்கினாலும் நம் பங்கு ஏறும்.

அடுத்து, உதவி எப்படித் தருகிறார்கள் என்பது. இது பலருக்குப் புரியாத இடம். மதிப்பெண் பார்த்துக் கொடுக்கும் பரிசு இல்லை இது. குடும்பத்தின் வருமானம், சொத்து, கடன், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து, 'இவர்களால் இவ்வளவு கட்ட முடியும்' என்று பள்ளி ஒரு தொகையைக் கணக்கிடும். மீதியைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் பள்ளியிடமும் அளவான பணம்தான் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகள் சேர்க்கையை முடிவு செய்யும்போதே 'இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உதவி வேண்டும்' என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் தொகை பல பள்ளிகளில் கொஞ்சம்தான். ஆண்டோவர் பள்ளி 2007 முதல் குடும்பத்தின் பண நிலையைப் பார்க்காமலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் கொள்கையை வைத்திருக்கிறது. எக்ஸிடர் பள்ளி 2021-ல் அப்படி அறிவித்தது. இவை விதிவிலக்குகள். இவற்றிலும்கூட வெளிநாட்டு மாணவருக்கான விதி அந்த ஆண்டில் என்ன என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்கிவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உதவி கேட்டு விண்ணப்பித்த பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால், அதற்குப் பிள்ளைக்கு அறிவு போதவில்லை என்று அர்த்தம் இல்லை. அந்த ஆண்டு அந்தப் பள்ளியின் பையில் காசு தீர்ந்துபோயிருக்கலாம். இதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். பதில் வந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் வார்த்தையாகத்தான் காதில் விழும்.

இங்கேதான் தரகர்கள் நுழைகிறார்கள். ஒரு பெற்றோரிடம் ஒருவர் சொன்னாராம், "உதவி வேண்டாம் என்று டிக் போடுங்கள், இடம் சுலபமாகக் கிடைக்கும். முதல் வருஷம் எப்படியாவது கட்டிவிடுங்கள், இரண்டாம் வருஷம் கேட்டுக்கொள்ளலாம்" என்று. கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. உதவி இல்லாமல் சேர்ந்த வெளிநாட்டு மாணவர் பின்னால் கேட்டால் கொடுப்பதில்லை என்று பல பள்ளிகள் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. அப்போது என்ன ஆகும்? வயல் போயிருக்கும், பிள்ளை பதினைந்து வயதில் பாதிப் படிப்போடு திரும்பி வரும். எல்லாவற்றையும்விட, பிள்ளையின் புதுப் பள்ளி வாழ்க்கையைப் பெற்றோரே ஒரு பொய்யில் தொடங்கி வைத்ததாக ஆகிவிடும். வீட்டில் அம்மா அப்பா பேசிக்கொள்வது பிள்ளைக்குக் கேட்காது என்றா நினைக்கிறீர்கள்?

வருமானத்தை மறைக்காதீர்கள், கூட்டிக் குறைத்தும் எழுதாதீர்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குப் படிவம் 16, வருமான வரிக் கணக்கு எல்லாம் இருக்கும். நம்மில் பலர் விவசாயக் குடும்பம். விவசாய வருமானத்துக்கு இங்கே வருமான வரி இல்லை. அதனால் வரிக் கணக்கும் இருக்காது. அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு இது புரியாது. ஆகையால் ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள். எவ்வளவு நிலம், என்ன பயிர், நல்ல ஆண்டில் எவ்வளவு மிஞ்சும், மழை பொய்த்த ஆண்டில் என்ன ஆகும், நகைக்கடன் எவ்வளவு என்று உள்ளது உள்ளபடி. வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று, பட்டா, சிட்டா நகல்கள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இணையுங்கள். இந்த வேலைக்கே ஒரு மாதம் போகும். தீபாவளி முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

"டீச்சர், இருந்தாலும் இன்னொருத்தர் கையை எதிர்பார்ப்பது…" என்று இழுப்பவர்களுக்கு இரண்டு பழைய கதை சொல்கிறேன். இரண்டும் நடந்தவை.

ஜப்பானியர் வெளிநாடு போவதற்குத் தடை இருந்த காலம். 1864-ல் நீஜிமா ஜோ என்ற இளைஞர் ஹாகோடாடே துறைமுகத்திலிருந்து ரகசியமாகக் கப்பல் ஏறினார். மறு ஆண்டு பாஸ்டன் வந்து சேர்ந்தபோது கையில் காசு இல்லை. அவரைப் பாஸ்டனுக்குக் கொண்டுவந்த கப்பலின் சொந்தக்காரர் ஆல்ஃபியஸ் ஹார்டி அவரைத் தன் செலவில் அதே ஆண்டோவர் பள்ளியில் சேர்த்தார். அங்கிருந்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போய் 1870-ல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி 1875-ல் கியோட்டோவில் ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய தோஷிஷா பல்கலைக்கழகம். வாங்கிய உதவியை அவர் இப்படித் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொருவர் சீனாவைச் சேர்ந்த யுங் விங். ஏழைக் குடும்பம். 1847-ல் மாசசூசெட்ஸில் மான்சன் அகாடமியில் சேர்ந்தார். மேலே யேல் கல்லூரியில் படிக்கப் பணம் இல்லை. படிப்பு முடிந்ததும் மத போதகராக வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்றார்கள். என் நாட்டுக்கு எந்த வழியில் பயன்படுவேன் என்று இப்போதே கையைக் கட்டிக்கொள்ள முடியாது என்று மறுத்துவிட்டார். பிறகு ஜார்ஜியா மாநிலத்துப் பெண்கள் சங்கம் ஒன்று நிபந்தனை இல்லாமல் உதவியது. 1854-ல் யேல் பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் முயற்சியால்தான் 1872 முதல் 120 சீனச் சிறுவர்கள் அரசுச் செலவில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார்கள்.

இருவரும் உதவி வாங்கித்தான் படித்தார்கள். கேட்பது இழிவு இல்லை என்பதற்கு ஜப்பான்காரர் சாட்சி. கிடைக்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை என்பதற்குச் சீனாக்காரர் சாட்சி. உதவிக் கடிதம் வந்தால் நிபந்தனையைப் படியுங்கள். நான்கு ஆண்டுக்கும் உண்டா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா, விமானச் செலவு சேருமா, காப்பீடு சேருமா, விடுமுறையில் விடுதி மூடினால் பிள்ளை எங்கே தங்கும்? நவம்பரில், டிசம்பரில், மார்ச்சில் பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். அங்கே உறவு இல்லாத பிள்ளைக்கு இது பெரிய கேள்வி. இவற்றைக் கேட்டு எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் போவதுதான் ஆபத்து.

விண்ணப்ப வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் சேர எட்டாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் ஜனவரி 15 கடைசி நாள். உதவிப் படிவங்களுக்கு அதே நாளோ அந்த மாதக் கடைசியோ இருக்கும். மார்ச் 10 அன்று பல பள்ளிகள் முடிவு சொல்லும். ஏப்ரல் 10-க்குள் நாம் பதில் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வைப் பல பள்ளிகள் கேட்கின்றன. ஆங்கிலத் தகுதிக்கு டோஃபல் அல்லது டூயோலிங்கோ. கட்டணம் கட்ட முடியாதென்றால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பள்ளிக்கு எழுதலாம். பல பள்ளிகள் செய்கின்றன. இதற்கெல்லாம் தரகர் தேவையில்லை. படிவங்கள் எல்லாம் பள்ளிகளின் இணையதளத்திலேயே இருக்கின்றன.

இதைப் படிக்கும் என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால் நாம் நன்னடத்தைச் சான்று மாதிரி எழுதிவிடுகிறோம். 'ஒழுக்கமானவள், பணிவானவள், நன்றாகப் படிப்பாள்.' இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பிள்ளைக்கும் உதவாது. நான் உடன் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு அவளுடைய கணக்கு ஆசிரியர் முதலில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். திருப்பி அனுப்பி, அவள் வகுப்பில் செய்த ஒன்றை எழுதுங்கள் என்றேன். பள்ளிக் கிணற்றின் ஆழத்தைக் கயிறு இல்லாமல் கண்டுபிடிக்க, கல்லைப் போட்டுச் சத்தம் வரும் நேரத்தை எண்ணினாள், விடை தப்பியதும் ஏன் தப்பியது என்று ஒரு வாரம் துளைத்தெடுத்தாள் என்று எழுதினார். அதுதான் கடிதம்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐந்து பள்ளிகளுக்குப் போட்டோம். நான்கு இல்லை என்றன, ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. அதுவும் நகரவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். இன்று நம் மாவட்டத்து அரசு மாதிரிப் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் எழுதிப் பழகிய ஆங்கிலம் அவளோடுதான் இருக்கிறது. அவள் அப்பா வயலும் அவரோடுதான் இருக்கிறது.

இன்னொன்றையும் எடைபோட வேண்டும். போவதால் இங்கே எதை விடுகிறோம்? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்போடு அரசுப் பள்ளியை விட்டுப் போனால் இந்தக் கதவுகள் மூடிவிடும், திரும்பி வந்தாலும் திறக்காது. வெளிநாட்டுப் பள்ளிச் சான்றோடு இங்கே கல்லூரியில் சேர, இணைச்சான்று வாங்க வேண்டியும் வரலாம். இதையெல்லாம் எந்தத் தரகரும் சொல்லமாட்டார்.

அமெரிக்காவில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அனுப்பி வையுங்கள் அத்தை, எங்கள் வீட்டில் தங்கிப் பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கட்டும்" என்று பாசத்தில் சொல்கிறீர்கள். 1996-ல் வந்த சட்டப்படி, மாணவர் விசாவில் வரும் பிள்ளை அங்கே அரசுப் பள்ளியில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம்தான் படிக்கலாம். அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் சேரவே கூடாது. நான்கு ஆண்டு படிக்கத் தனியார் பள்ளிதான் வழி. உங்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. விடுமுறையில் விடுதி பூட்டும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு படுக்கையும் ரசம் சாதமும் கொடுங்கள், அது போதும்.

"டீச்சர் ஏன் தடை போடுகிறார், எங்கள் காலத்தில் ஊக்கம்தானே கொடுத்தார்?" என்று சிலர் நினைக்கலாம். இப்போதும் ஊக்கம்தான் கொடுக்கிறேன். அமெரிக்கா போவதற்கு ஒன்பதாம் வகுப்பு ஒன்றுதான் கதவு என்று நினைப்பதைத்தான் தடுக்கிறேன். பதினாறு வயதில் இன்னொரு கதவு உண்டு. உலக ஐக்கியக் கல்லூரிகள் என்ற அமைப்பு 1962-ல் வேல்ஸில் தொடங்கியது. புனே அருகே மகிந்திரா கல்லூரி 1997-ல் வந்தது, அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் ஒன்று 1982 முதல் இருக்கிறது. நாட்டுக்கொரு குழு தேர்ந்தெடுக்கிறது, குடும்ப நிலை பார்த்து உதவி தருகிறது. 2002-ல் அமெரிக்க அரசு தொடங்கிய கென்னடி லூகர் திட்டத்தில் ஓராண்டு அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்துத் திரும்பலாம். அந்தந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இன்னும் பெரிய கதவு திறக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களையும் பண நிலை பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் முழு உதவியையும் தருகின்றன. கிடைப்பது அரிதுதான். ஆனால் அப்போது பிள்ளைக்குப் பதினெட்டு வயது. தனக்கு என்ன வேண்டும் என்று அதற்கே தெரியும்.

பதின்மூன்று வயதில் அது தெரியுமா? இதுதான் என் கடைசிக் கேள்வி. முப்பது வருஷத்துக்கும் மேல் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். அந்த வயதில் அப்பா முகத்தைப் பார்த்து, அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, அதைத்தான் தன் ஆசையாகச் சொல்லும். அதனால் நீங்கள் இல்லாத இடத்தில், ஒரு தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ தனியாகக் கேட்கட்டும். "உண்மையில் போக வேண்டுமா கண்ணு? காய்ச்சல் வந்தால் பக்கத்தில் அம்மா இருக்கமாட்டாள், தெரியுமா?" அப்போதும் கண் மின்னப் "போகணும்" என்று சொன்னால், விண்ணப்பம் போடுங்கள். முழு மனதோடு நானும் உட்காருகிறேன்.

ஆக, உதவி தேவை என்பதை முதல் நாளே வெளிப்படையாக எழுதுங்கள். முழு உதவி இல்லாவிட்டால் நன்றி சொல்லி விலகுங்கள். மார்ச் 10-க்கு முன்பே பிள்ளைக்கு இங்கே இரண்டாவது வழி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். இந்த மூன்றும் இருந்தால் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம் இல்லை.

இந்த ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். வருமானக் கடிதத்தின் வரைவைக் கையோடு கொண்டு வாருங்கள். நான் சிவப்புப் பேனாவை இன்னும் தூக்கிப் போடவில்லை.

உங்கள் டீச்சர்